ஒரே தாளில் இருவர்

“சாக்பீஸ்லயா வரைவீங்க?” என்று கேட்காத வீட்டை நான் பெங்களூரில் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து குச்சிகளை எடுத்து வைத்ததும் யாராவது எட்டிப் பார்த்து இதைக் கேட்டுவிடுவார்கள். இது சாக்பீஸ் இல்லை, பாஸ்டல், வண்ணப்பொடியைப் பிசினில் பிசைந்து குச்சியாக உருட்டுவது என்று ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு “ஆமாம்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதனால் பல வீடுகளில் எனக்கு டீச்சரம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தொண்ணூறுகளில் வீடு வீடாகப் போய் முகங்களை வரைவதுதான் என் பிழைப்பு. ஆஸ்டின் டவுனில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தேன். அங்கே ஆளை உட்காரவைத்து வரைய இடம் கிடையாது. இடம் இருந்தாலும் அண்ணி விட்டிருக்க மாட்டாள். கொடியில் காயும் துணியிலெல்லாம் வண்ணப்பொடி படிகிறது என்று ஏற்கெனவே பேச்சு. ஆகவே மடக்குத் தாங்கியையும் பலகையையும் தோளில் மாட்டிக்கொண்டு, குச்சிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நானே போவேன். எண்ணெய் வண்ணம் காய நாளாகும், வீடெல்லாம் வாடை வரும். பாஸ்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை. தாளும் குச்சியும் விரலும் போதும். தொல்லை வேறு விதமாக வரும்.

ஃபேன் ஓடினால் பொடி பறக்கும். நிறுத்தினால் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்க்கும். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வண்ணத்தைப் பிடிக்காது. படத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு விரல் வந்து தொட்டுப் பார்க்கும். கன்னத்தின் நிழலுக்குக் கொஞ்சம் பச்சை வைத்தால், “எங்கப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, ஏன் பச்சையா இருக்காரு?” என்பார்கள். கிளம்பும்போது வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் கலரா போட்டுடுங்க” என்பார்கள். நம் ஆட்களின் கறுப்பில் செம்மண்ணும் ஊதாவும் தேனும் கலந்து கிடப்பதை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்திருப்பேன். அவர்களுக்கு வேண்டியது ரோஸ் பவுடர்.

இதற்கெல்லாம் பழகிப்போன என்னையே, இந்தத் தொழிலை விட்டுத் தொலைத்துவிடலாமா என்று நினைக்கவைத்த வீடு ஹெப்பகோடியில் இருந்தது.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சிநேகிதி வீட்டுச் சுவரில் நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனுக்குத் தேடிக்கொண்டு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில். போகும்போது அப்பா அம்மா சேர்ந்திருக்கும் படம் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அதற்கு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தால் போதுமே என்று நானே என் தொழிலுக்கு விரோதமாகச் சொன்னேன்.

“போட்டோவுக்குச் சேர்ந்து நிக்க மாட்டேங்கிறாங்க மேடம். வரையறதுன்னதும் ரெண்டு பேருமே சரின்னுட்டாங்க.”

தனித்தனியாக வரைந்து இரண்டு சட்டமாகப் போட்டுக்கொள்ளலாம், வேலையும் சுலபம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே தாளில் இருக்க வேண்டும் என்றாள். கிளம்பும்போது படியில் நின்று மறுபடியும் ஒருமுறை, ஒரே தாளில், என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுகோடிவரை ஆட்டோவில் போய் அங்கிருந்து அத்திபெலே பஸ் பிடித்தேன். ஓசூர் ரோட்டில் எங்கே பார்த்தாலும் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரிகளுக்கு நடுவே பஸ் நின்று நின்று போனது. பலகை இடிக்கிறது என்று ஒருவர் திட்டினார். அதை நிமிர்த்திப் பிடித்தால் பின்னால் நின்றவர் கன்னடத்தில் திட்டினார். ஹெப்பகோடியில் இறங்கியபோது வரைவதற்கான கை மரத்துப் போயிருந்தது.

ஃபாக்டரிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று அது. அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. அம்மா பட்டுப்புடவையில் இருந்தார். சோபாவின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். நடுவே இன்னொரு குடும்பமே உட்காரலாம் போல இடம். பெண் ஆபீசுக்குப் போய்விட்டிருந்தாள்.

இரண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் என்றேன். அசையவில்லை. வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

“அந்தம்மாவ இந்தப் பக்கமா நவுந்து உக்காரச் சொல்லும்மா” என்றார்.

எனக்குப் பின்னால் யாரோ ஓர் அம்மாள் நிற்கிறார் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சோபாவில் இருந்த அம்மாவும் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்: “ஃபேனு காத்து இங்கதான் வருது. பாப்பாவோட அப்பாவ வேணா நவுரச் சொல்லும்மா.”

நான் இடத்தைக் கையால் காட்டினேன். இருவரும் ஆளுக்கு அரை முழம் நகர்ந்தார்கள். வரையத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் அவருக்குக் காபி வேண்டியிருந்தது. “டீச்சரம்மாவுக்குக் காபி வேணுமோ என்னவோ” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா எழுந்து போய் மூன்று டம்ளரில் கொண்டுவந்தார். இரண்டை என் முன்னால் வைத்தார். ஒன்று எனக்கு, இன்னொன்றை நான் எடுத்து அவரிடம் நீட்ட வேண்டும் என்பது எனக்குப் புரியவே நேரமாகிவிட்டது. சர்க்கரை கம்மி என்று அவர் என்னிடம் புகார் சொன்னார். சர்க்கரை வியாதிக்காரருக்கு அவ்வளவுதான் என்று அம்மா என்னிடம் பதில் சொன்னார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கத்து பூத்திலிருந்து அந்தப் பெண்ணின் ஆபீசுக்கு போன் போட்டேன். உன் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லையா என்று நேராகவே கேட்டேன்.  நான் ஏழாவது படிக்கிறப்பலேருந்து இல்லை மேடம் என்றாள். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்களே என்றாள். உண்மைதான். வந்திருக்க மாட்டேன். அவளோ வீட்டில் இத்தனை வருஷமாகத் தான் செய்துவந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக ஆபீசில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வரைவதற்கு அவர்களைப் போன்ற ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். மற்ற வீடுகளில் பேச்சும் சிரிப்பும் டெலிபோனும் குழந்தையும் பால்காரருமாக, முகம் ஓரிடத்தில் நிற்காது. இவர்கள் இருவரும் கல்லில் செதுக்கியதுபோல இருந்தார்கள். தாடையைத் திருப்பி வைத்தால் நான் திரும்பத் திருப்பும்வரை அப்படியே இருக்கும். அடுத்தடுத்துப் போன நாட்களில் அம்மாவின் நெற்றியும் கண்களும், அப்பாவின் மூக்கும் தோளும், பழுப்புத் தாளில் நான் நினைத்ததைவிட நன்றாக வந்தன. அத்தனை வருஷம் வரைந்ததில் அதுவே சிறந்த படமாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த அறைக்குள் இருந்த நேரம் முழுக்க என் வாய்க்கு ஓய்வில்லை. ஃபேனை நிறுத்தச் சொல்லு, பொடி சோத்துல விழுது என்பது அந்தப் பக்கத்திலிருந்து வரும். ஃபேனை நிறுத்தினா மனுஷன் எப்படி உக்கார்றது என்பது இந்தப் பக்கத்திலிருந்து வரும். நான் எதையும் எடுத்துச் சொல்லாமல் வரைந்துகொண்டிருந்தால், “சொல்லும்மா” என்று இரண்டு பக்கமிருந்தும் வரும். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழத்தான் செய்கிறது. ஆனாலும் என் வாய்வழியாக வராதவரை அது விழுந்ததாகக் கணக்கில்லை.

மழை பிடித்திருந்த ஒரு நாளில் அம்மாவின் வாயோரத்தை வரைந்துகொண்டிருந்தேன். அவருடைய கணவர் உள்ளே சட்டை மாற்றப் போயிருந்தார். அம்மா உதட்டை அசைக்காமலேயே பேச ஆரம்பித்தார். நெடுநேரம் அசையாமல் உட்காரும்போது பலருக்கு இப்படி ஆகும். யாரும் கேட்காமலேயே எதையாவது சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

திருப்பத்தூர் பக்கம் அம்மாவின் ஊர். அவருடைய அப்பா இறந்தபோது ஊரிலிருந்து ஃபாக்டரிக்குத்தான் போன் வந்ததாம். வீட்டில் போன் இல்லாத காலம். செய்தி மத்தியானமே வந்துவிட்டது. ஆனால் கணவர் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சொன்னார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“கடைசியா முகம் பார்க்க விடாத மனுஷன்கிட்ட எனக்கென்ன பேச்சு?” என்றார். கண்ணீர் இல்லை. வாயோரம் மட்டும் இறுகியது. நான் வரைந்துகொண்டிருந்த கோடு பொய்யாகிவிட்டது. அழித்து மறுபடியும் போட்டேன்.

உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அம்மா எழுந்து குழம்பைப் பார்க்க அடுக்களைக்குப் போனதும் அவர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். சட்டை மாற்றியிருக்கவில்லை. நான் அவருடைய கன்னத்துக்குச் செம்மண் நிறத்தை எடுத்தேன்.

“அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்தேம்மா” என்றார்.

எதைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. 

“போன் வந்ததும் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு ஓடியாந்தேன். வாசல்வரைக்கும் வந்துட்டேன். அந்தம்மா மாடியில வடகம் காய வெச்சிட்டு, பக்கத்து வூட்டம்மாகிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்படி ஒரு சிரிப்பு. கீழ நின்னு பார்த்தேன். எனக்கு வாய் வரல. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்னு திரும்பிப் போயிட்டேன்.”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். ஒரு மனிதர் மனைவியிடம் சொல்ல வேண்டியதை, பெண் ஏழாவது படித்த காலத்திலிருந்து அவள் கல்யாணம் வரைக்கும் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, இப்போது வண்ணக் குச்சியோடு வந்த அந்நியப் பெண்ணிடம் சொல்கிறார். அதுவும் மனைவி காதில் விழட்டும் என்றே சொல்கிறார். கையில் இருந்த குச்சி இரண்டாக ஒடிந்தது.

“சார், இதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க அங்கதான நிக்கிறாங்க?” என்றேன்.

அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி இருந்தது. என்னைத்தான் பார்த்தார். “வாசல்வரைக்கும் வந்தாராமா? கேளும்மா.”

“நான் கேக்க மாட்டேம்மா” என்றேன். “நீங்க கேளுங்க. எனக்கு இதுக்கு மேல முடியாது.”

குச்சிகளை அள்ளிப் பெட்டியில் போட்டேன். நிறம் பிரித்துக்கூட அடுக்கவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. பொடி உதிராமலிருக்க ஒட்டுமருந்து இன்னும் அடிக்காத படத்தை அந்த மழையில் பஸ்ஸில் கொண்டுபோனால் பாதிகூட மிஞ்சாது. பலகையைத் தாங்கியோடு அப்படியே விட்டுவிட்டு, யாரும் அதைத் தொடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, ஆனால் மடிவாளாவில் பஸ் நகராமல் நின்ற நேரமெல்லாம் அந்தக் குடும்பத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னபோது, பேசாத புருஷன் கிடைத்தவளுக்கு என்ன குறை என்று அவள் கேட்டாள். அவளிடம் சொன்னதற்காகவும் வருத்தப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். குரல் சரியில்லை. படத்துக்கு ஒன்று ஆகிவிட்டது, தயவுசெய்து வந்து பாருங்கள் என்றாள். என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பலகையும் தாங்கியும் அங்கே இருந்தன.

போய்ப் பார்த்தேன். படத்தில் அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. அப்பாவின் முகத்தில் இடது கன்னமும் காதும் தோளும் போய், வெறும் பழுப்பு மேகம்போல் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது. 

“யாரு தொட்டது?” என்றேன்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது அவர்தான். “தூசு படிஞ்சிருக்குன்னு நெனச்சு ஈரத் துணியால தொடைச்சுட்டா. அவளுக்கு என்ன தெரியும், சாக்பீஸுன்னு? திட்டாதம்மா.”

எனக்கு இருந்த ஆத்திரத்தில், அந்தம்மா என்பது அவள் ஆகிவிட்டதை உடனே கவனிக்கவில்லை. தூசாம். எத்தனை நாள் வேலை. அந்தக் கன்னத்தைக் கொண்டுவர எத்தனை முறை விரல் தேய்ந்திருக்கும். அதே போல இன்னொன்று வராது என்று எனக்குத் தெரியும். அவரை உட்காரச் சொன்னேன். அழிந்த இடத்தைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

காதிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா சோபாவுக்குப் போகாமல் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். செய்த தப்புக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ. காதின் வளைவைப் போட்டு முடித்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“காது இவ்ளோ பெருசாவா இருக்கு உங்களுக்கு?”

அந்த ‘உங்களுக்கு’ என்னைக் குறித்தது இல்லை. நான் கையை எடுத்துவிட்டேன்.

 அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “எப்பவும் இப்படித்தான் இருக்குது. நீ பார்த்தாத்தான?” என்றார்.

அதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மூக்கு அப்படி வளையாது என்றார் அம்மா. வளையும், கபடி ஆடும்போது உடைந்தது என்றார் அவர். எனக்குத் தெரியாமல் எப்போது உடைந்தது என்றார் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் என்றார் அவர். உன் நெற்றியில் ஏன் சுருக்கமே இல்லை, டீச்சரம்மா உன்னைச் சின்னப் பிள்ளையாகப் போட்டிருக்கிறாள் என்றார் அவர். ஆமாம், எனக்கும் இது நான் மாதிரியே இல்லை என்றார் அம்மா. அவர் எழுந்து வர, இரண்டு பேரும் படத்தின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். வாய் கோணல், பொட்டு சின்னது, சட்டைக் காலர் இப்படி இருக்காது, புடவைக் கரை வேறு நிறம். நான் ஒருத்தி அங்கே இருப்பதையே மறந்து, என் படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். இதுவரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள், படம் சரியில்லை என்பதில் மட்டும் ஒரே மனசாக இருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்திருக்க வேண்டிய இடம் அது என்று இப்போது தெரிகிறது. அன்று, எந்தப் படத்தைப் பற்றி மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனோ அதையே கிழிக்கிறார்களே என்றுதான் இருந்தது. திருத்திப் பார்த்தேன். தாளின் சொரசொரப்பெல்லாம் நிறைந்துபோய், மேலே வைத்த வண்ணம் ஒட்டாமல் உதிர்ந்து கீழே விழுந்தது. இனி இதில் ஒன்றும் ஏறாது, புதுத் தாளில்தான் போட வேண்டும் என்றேன். சரிம்மா, போடு என்று இரண்டு பேருமே சொன்னார்கள், ஏதோ இன்னொரு தோசை ஊற்றுவதுபோல.

ஆகவே முதலிலிருந்து ஆரம்பித்தேன். அங்கேதான் உண்மையான தொல்லை தொடங்கியது. சோபாவில் இப்போது இடைவெளி இல்லை. இருவரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவது சுலபமாகிவிட்டது. ஆனால் அவர்கள் ஒரு நிமிஷம் அசையாமல் உட்காரவில்லை. அவர் ஏதாவது சொன்னால் அம்மா திரும்புவார். அம்மா பதில் சொன்னால் அவர் கையை ஆட்டுவார். எல்லாம் பழைய பேச்சு. எந்தத் தீபாவளிக்கு யார் வந்தார்கள், ஊர் வீட்டைப் பாகம் பிரித்தபோது யார் என்ன சொன்னார்கள், பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது யார் தூக்கிக்கொண்டு ஓடியது. பெரும்பாலும் சண்டைதான். வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடந்ததையெல்லாம் என் முன்னால் வைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கண்ணை வரைந்து முடிப்பதற்குள் மற்ற கண் வேறெங்கோ போயிருக்கும். ஒருநாள் அம்மாவுடைய அப்பா செத்த சமாச்சாரமும் வந்தது. அதைப் பற்றிப் பேசியபோது மட்டும் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்கள். மாடியில் என்ன சொல்லிச் சிரித்தேன் என்று இப்போது ஞாபகமே இல்லை என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.  நான் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஆனால் மறுநாளே திரும்பவும் ஆரம்பித்துவிட்டார்கள், கல்யாணச் சத்திரம் எது என்று. தாடை ஆடுகிறது, கழுத்து ஆடுகிறது, காதுக் கம்மல் ஆடுகிறது. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாம இருக்கீங்களா?” என்று கத்திவிட்டேன்.

 அம்மா அவரைப் பார்த்தார். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிற்க வெகு நேரமாகியது. அன்று அதற்கு மேல் ஒரு கோடுகூடப் போடவில்லை.

எப்படியோ முடித்தேன். முதல் படத்தின் கைத்திறம் இதில் இல்லை. அம்மாவின் வலது கை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அப்பாவின் பார்வை என்னை நோக்கி இல்லை. எவ்வளவு சொல்லியும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது, நானும் கடைசியில் அப்படியே விட்டுவிட்டேன். அடுகோடியில் ஒரு சட்டக்கடையில் கொடுத்தேன். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, நடுவே அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். கண்ணாடியைப் படத்தோடு ஒட்டவைத்து இறுக்கியிருந்தார்கள். பிரிக்கச் சொல்லி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட வண்ணத்தைப் பார்த்துப் பார்த்து அங்கேயே நின்று சரிசெய்து, மறுபடியும் மாட்டவைத்தேன். கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தன. சட்டத்தை இரு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நின்றுகொண்டே போனேன். யாரும் எழுந்து இடம் தரவில்லை.

ஹெப்பகோடியில் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“ஊரிகெ ஹோகித்தாரெ, இப்ரூனு” என்றார்.

இருவரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். எதற்கென்று அவரே சொன்னார். அந்த அம்மாவின் அப்பாவுக்குத் திதியாம். இத்தனை வருஷமும் அந்த அம்மா தனியாகத்தான் போவாராம், இந்த முறை அவரும் கிளம்பிவிட்டாராம். முந்தின நாளே எனக்குத் தெரிந்திருந்தால் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். காபிக்குச் சர்க்கரை கம்மி என்பதைக்கூட என்னிடம் சொன்னவர்கள், ஊருக்குப் போவதைச் சொல்லவில்லை. படத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று அந்த அம்மாளைக் கேட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள், உடைத்துவிடுவார்கள், வேண்டாம் என்றார். திரும்பக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ஆஸ்டின் டவுனுக்கு வந்தாள். மாடி அறையின் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தின் முன்னால் வெகு நேரம் நின்றாள். அம்மாவின் கையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

“அப்பா நேராவே பார்க்கல மேடம்” என்றாள். “அம்மா பக்கமா பார்க்கிற மாதிரி இருக்கு. நான் இவங்கள இப்படிப் பார்த்ததே இல்ல.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், என்னால் அவரை நேராகப் பார்க்கவைக்க முடியவில்லை என்றேன். வேண்டுமானால் கண்ணை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்து, துப்பட்டாவை எடுத்துச் சட்டத்தின் மேல் போர்த்தி, அதைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினாள்.